மூன்றடுக்குக் கேரியர்

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து போடுகிற ஆள் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்ணா, உங்க வூட்டுக்கு சிலிண்டர் போட்டு ஆறு மாசத்துக்கு மேல ஆவுது. ஆளுங்க கீறீங்களா, இல்ல வூட்ட பூட்டிகினு போயிட்டீங்களா?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அப்போது நாங்கள் நாராயணவனத்தில் குடியிருந்தோம். நான் திருப்பதி டிப்போவில் அரசு பஸ் டிரைவர். சித்தூர், பலமநேர் வழியாக பெங்களூர் போகிற வண்டி எனக்கு. பங்காருபாளையம் தாண்டி ஒரு ஹோட்டலில் வண்டியை நிறுத்துவோம். அங்கே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். என் மனைவி சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே கேண்டீனில் சாப்பாடு. மகள் திருப்பதியில் அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு. ஓசி என்றால் எனக்கு ஒன்று எங்கள் அப்பனுக்கு ஒன்று என்பார்கள். நாங்கள் மூன்று பேரும் மூன்று இடத்தில் ஓசியில் தின்றுகொண்டிருந்தோம். வீட்டில் அடுப்பு டீ போட மட்டும் எரிந்தது. காலம் மாறிவிட்டது, நாமும் முன்னேறிவிட்டோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அந்த அடுப்பு அணைந்ததற்குக் காரணம் காலம் இல்லை. நான்தான்.

எங்கள் நைனாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. கார்வேட்டிநகரம் பக்கம் கரும்பு வெட்டப் போவார். மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையம் போய்த் தோப்பில் தங்கி மாங்காய் பறிப்பார். டீக்கடைக்குப் போனால் வெளியே நின்று குடித்துவிட்டு, தனியாக வைத்திருக்கும் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். உள்ளே வந்து உட்கார் என்று அவரை எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. அவருடைய பிள்ளை நான் லைசென்ஸ் எடுத்து, பரீட்சை எழுதி, காக்கிச் சட்டை போட்டு, ஐம்பது பேரை வைத்து வண்டி ஓட்டினேன். எங்கள் வம்சத்தில் ஸ்டீரிங்கில் கை வைத்த முதல் ஆள் நான்தான்.

பெங்களூர் ரூட் கிடைத்த முதல் நாள் அந்த ஹோட்டலில் வண்டியை நிறுத்தினேன். முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "ரண்டி, ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் வாய் நிறையக் கூப்பிட்டு, டிரைவர் ரூமுக்கு அழைத்துப் போய், துண்டால் நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். தலைவாழை இலை. பயணிகளுக்கு இல்லாத கோழி வறுவல், இரண்டு முட்டை, சோற்றின்மேல் கரண்டி கரண்டியாக நெய். சாப்பிட்டு முடித்ததும் பீடா. நைனா கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தது கண்ணுக்குள் வந்தது. அந்தச் சோற்றை நான் இலவசச் சோறு என்று நினைக்கவே இல்லை. எனக்கும் எங்கள் நைனாவுக்கும் சேர்த்துக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் அன்றைக்கு வண்டியில் என் சீட்டுக்குப் பின்னால் மூன்றடுக்குக் கேரியர் ஒன்று இருந்தது. என் மனைவி காலையில் எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுத்தது. கீழடுக்கில் சோறு, நடுவில் குழம்பு, மேலே பொரியலோ துவையலோ. சாப்பாட்டை முடித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. திருப்பிக் கொண்டுபோனால் கெட்டுப்போகும். அவளுக்குக் கோபமும் வரும். ஹோட்டல் பக்கத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. கேரியரை அப்படியே கவிழ்த்தேன்.

பெங்களூரில் இரவு தங்கி, மறுநாள் திரும்பி, வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கேட்டாள், "துன்னியா?"

"ஒரு பருக்கை விடல" என்றேன். பொய் இல்லை. நாய்கள் ஒரு பருக்கை விடவில்லை.

ஒரு நாள் செய்த தப்பு என்றால் மறந்திருக்கலாம். பதினோரு வருஷம் இதையே செய்தேன். நடுவில் சிங்கிள் ரோடு நாலு வழிச் சாலை ஆனது. ஹோட்டலுக்கு ஏ.சி. வந்தது. வண்டியில் ஏறுகிற கூட்டமும் மாறியது. வயலில் வேலை செய்த கைகளெல்லாம் பெங்களூருக்குப் போயின. கட்டட வேலைக்கு, துணி கம்பெனிக்கு, படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கு. முதல் தடவை போகிறவன் மடியில் புளிச்சோற்று மூட்டை இருக்கும், வண்டி முழுக்க மணக்கும். மூன்றாம் தடவை போகும்போது மூட்டை இருக்காது. கையில் செல்போன் இருக்கும், ஹோட்டலில் இறங்கி பரோட்டா தின்பான். கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்து, பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு ஓட்டுவேன். என் கேரியர் எங்கே போகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது போல.

புளியமரத்து நாய்களும் மாறின. கிழட்டு நாய்கள் போய்க் குட்டிகள் வளர்ந்தன. ஆனால் பழக்கம் மாறவில்லை. வண்டி நின்றதும் ஓடிவந்து டிரைவர் கதவுக்குக் கீழே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

என் மனைவியின் தங்கை பெங்களூரில் துணி கம்பெனியில் வேலை செய்தாள். அவள் குழந்தைக்குக் காது குத்து. மனைவி என் வண்டியிலேயே வருகிறேன் என்றாள். எனக்கும் சந்தோஷம், புருஷன் வண்டி ஓட்டுவதை அவளும் ஒருநாள் பார்க்கட்டும் என்று என் பின்னால் இருக்கிற சீட்டைப் பிடித்து வைத்தேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அதே கேரியரில் அழுத்தி அழுத்திக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. வழியெல்லாம் வாசனை.

ஹோட்டலில் வண்டியை நிறுத்தினேன். மூன்று நாய்களும் வந்து வாலை ஆட்டின. நான் பார்க்காதது போல் கதவைத் திறந்தேன். கண்டக்டர் தம்பி நல்லவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னான், "அண்ணா, உன் புள்ளைங்க வந்து நின்னுகினு கீதுங்க. கேரியர எடு, பாவம் பசிக்கும்."

பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அவள் நாய்களைப் பார்த்தாள். மடியில் இருந்த கேரியரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கேரியரைப் பிரித்து, மூடியில் தன் பங்கை எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நிதானமாகத் தின்றாள். பிறகு இறங்கிப் போய் என் பங்கைப் புளியமரத்தடியில் வைத்தாள். நாய்கள் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தாள். ஹோட்டல் குழாயில் கேரியரைக் கழுவி, துணியில் கட்டி, வந்து உட்கார்ந்தாள். பெங்களூர் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. காது குத்து முடிந்து ஊருக்கு வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அடுத்த டூட்டிக்குக் கேரியர் வரவில்லை. அது பரண்மேல் ஏறிவிட்டது. கொஞ்ச நாளில் சத்தியவேடு கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கத் தொடங்கியது. அவள் அதில் ஏறினாள். "எதுக்கு இந்த வயசுல வேல?" என்று கேட்டேன். "வூட்ல எனக்கு இன்னா வேல கீது?" என்றாள். விடியக்காலை ஐந்தரைக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பு வருவாள். ராத்திரிக்கு நான் ஏதாவது பார்சல் வாங்கி வருவேன். அவள் ஒரு தோசை தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பயணிகள் போல இருந்தோம்.

இந்த நிலைமையைத்தான் முன்னேற்றம் என்று நினைத்துச் சிலிண்டர்காரரிடம் சிரித்தேன்.

டிப்போவில் எங்களுக்கு உடம்புப் பரிசோதனை உண்டு. அந்தத் தடவை ரத்தம் எடுத்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி காகிதத்தைப் பார்த்தார். சர்க்கரை மோசமாக ஏறியிருந்தது. "மதியம் சாப்பிட்ட பிறகு தூக்கம் வருமா?" என்று கேட்டார். வரும். முல்பாகல் தாண்டினால் கண் சொக்கும். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டுதான் ஓட்டுவேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. "மூன்று மாதம் தருகிறேன். மாத்திரை போடு, வெளியில் சாப்பிடுவதை நிறுத்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிடு. குறைந்தால் கையெழுத்துப் போடுகிறேன். குறையாவிட்டால் ஸ்டீரிங் கிடையாது. டிப்போ கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுது" என்றார்.

ஸ்டீரிங் கிடையாது என்றதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். சம்பளம் போகாது; அதற்காகப் பயப்படவில்லை. டிரைவர் என்கிற பெயர் போய்விடும். நைனா பிள்ளை கேட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுச் சாப்பாடு சாப்பிடு என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எந்த வீட்டுச் சாப்பாடு? பதினோரு வருஷம் நாய்க்குப் போட்ட சாப்பாடா?

அன்று மாலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மறுநாள் போட வேண்டிய கம்பெனி யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். முகம் ஒரு நிமிஷம் மாறியது, அதை நான் பார்த்தேன். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அடுப்பு அங்கதான் கீது" என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

மறுநாள் ஓய்வு. பரண்மேல் ஏறிக் கேரியரை இறக்கினேன். கேவுரு என்கிற கேழ்வரகு மாவு, துவரம் பருப்பு, கீரை வாங்கி வந்தேன். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு களி கிண்டுவது பெரிய வேலையா என்று நினைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் மாவை ஒரேயடியாகக் கொட்டினேன். கல்லுக் கல்லாகக் கட்டிக்கொண்டது. உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு. பருப்பு நம்மூர் போர் தண்ணீரில் வேகவே மாட்டேன் என்றது. கீரையில் மண். பொறுமை போய்க் கரண்டியை விட்டெறிந்தேன். அது போய் இடித்த சுவரில் இன்னும் ஒரு குழி இருக்கிறது. சாயங்காலம் வந்தவள் சுவரையும் பார்த்தாள், பாத்திரத்தையும் பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, முதுகைத்தான் காட்டினாள்.

ஆனால் அடுத்த ஓய்வு நாளில் நான் எழுந்து வந்தபோது, அவள் வேலைக்குப் போயிருந்தாள். களி கிண்டுகிற மரத் துடுப்பு அடுப்பு மேடையில் இருந்தது. அவளுடைய அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த துடுப்பு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தாள். முதலில் கரைசலை ஊற்ற வேண்டும், அப்புறம்தான் மாவு என்று அதைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சமையலும் அப்படித்தான். ஒருநாள் விருந்து சமைக்கிறவன் ஊரில் நிறையப் பேர். தினமும் சமைப்பது வேறு. தினமும் என்றால், நேற்று என்ன செய்தோம், இன்றைக்கு என்ன இருக்கிறது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது மிஞ்சும் என்று தலைக்குள் ஒரு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு ஓய்வு நாள் கிடையாது, பதிலுக்கு ஆளும் கிடையாது. அவள் இந்த வண்டியை இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். நான் அதைப் புளியமரத்தடியில் கவிழ்த்திருக்கிறேன். வெங்காயம் வெட்டும்போது இது எனக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்லலாம். வேண்டாம், அழுதேன்.

டூட்டி நாளில் கேரியர் கட்டினேன். கீழே ஒரு உருண்டைக் களியோ கொஞ்சம் சோறோ, நடுவில் கீரைக் கடைசல், மேலே ராத்திரிக்குச் சப்பாத்தி. மறுநாளுக்கு பெங்களூர் ஓய்வறையில் இருந்த கரண்ட் அடுப்பில் கோதுமை ரவை கிளறிக்கொள்வேன். ஹோட்டலில் வண்டி நின்றது. டிரைவர் ரூமுக்குப் போகவில்லை. போனால் கோழி வறுவல் வாசனையில் என் புத்தி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். நாய்கள் வந்து வாலை ஆட்டின. முழுவதையும் நானே தின்றேன். அவை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன்காரனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அதில் எதிர்பார்க்காத வம்பு ஒன்று வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய பயணிகள் ஹோட்டல் வாசல்வரை போய், என்னைப் பார்த்து நின்றார்கள். ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள், "டிரைவரே மூட்டைய அவுத்துகினு மரத்தடில குந்திகினு கீறாரு. அப்ப அந்த ஓட்டல்ல இன்னா கீதோ, நமக்கு எதுக்கு வம்பு?" பாதிப் பேர் பிஸ்கட் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இப்படியே நாலைந்து டூட்டி நடந்தது.

ஒருநாள் முதலாளி மரத்தடிக்கே வந்துவிட்டார். "ஏமண்ணா, மா அன்னம் பாகலேதா?" என்று கேட்டார். எங்கள் சாப்பாடு நன்றாக இல்லையா என்கிறார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். சர்க்கரை, டாக்டர், மூன்று மாதம், ஸ்டீரிங் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். கல்லாப் பெட்டிக்குக் கீழே குனிந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். கேரியர். மூன்றடுக்கு.

"எனக்கும் சுகர்தான். எட்டு வருஷமா வூட்ல இருந்துதான் வருது" என்று பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்னார். "ஆனா நான் மறைவா துன்றேன். நீ ரோட்ல குந்தி துன்றே. என் பொழப்பு இன்னா ஆவறது?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். அன்றிலிருந்து டிரைவர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் அவரவர் கேரியரைத் திறந்தோம். அவர் வீட்டுக் கொள்ளு ரசம் எனக்கு ஒரு கரண்டி வரும். என் கீரைக் கடைசல் அவருக்குப் போகும். நைனாவுக்குக் கிடைக்காத மரியாதையை நான் இந்த ரூமில் நெய்ச்சோற்றில் தேடினேன். ஒரு மனிதன் தன் வீட்டுச் சோற்றில் பாதியை உன் மூடியில் வைத்தால் அதுதான் மரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வாரம் முல்பாகல் தாண்டியும் கண் சொக்கவில்லை. எலுமிச்சம்பழம் டேஷ்போர்டிலேயே காய்ந்துபோனது.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. சமைக்கிறபோதெல்லாம் அவளுக்கும் ஒரு பங்கு எடுத்துச் சூடு ஆறாத டப்பாவில் வைத்துவிட்டுப் போவேன். ஓய்வு நாளிலும் அவள் வரும் நேரத்துக்கு நான் காய்கறி வாங்க வெளியே போய்விடுவேன். பக்கத்தில் இருந்து, அவள் தொடாமல் விட்டால் பார்க்கச் சகிக்காது. திரும்பி வந்து பார்த்தால் டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கும். தின்றாயா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதினோரு வருஷம் என்ன பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரியுமே. கழுவிய டப்பா எதையும் நிரூபிக்காது. அதுவும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் இரண்டு நாய்கள் திரியும். போகும்போதும் வரும்போதும் அவற்றின் விலாவைப் பார்ப்பேன். முன்பைவிடக் கொழுத்திருக்கின்றனவா? ஒருநாள் சாம்பார் வைத்தேன். மறுநாள் குப்பைக் கூடையில் முருங்கைக்காய் கடிபடாமல் முழுசாகக் கிடந்தது. அவள் தின்னவில்லை என்று முடிவு கட்டினேன். பிறகு யோசித்தேன், நாயும்தான் முருங்கைக்காய் தின்னாது. ஒன்றும் விளங்கவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. டூட்டி நாளில்தான் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விடியக்காலையில் எழுந்து அவளுக்குச் சோறும் பருப்பும் வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு திருப்பதிக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. சர்க்கரை குறையாமல் போயிருந்தால், அந்த முகத்தோடு வீட்டுக்கு வர எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன மாத்திரை சாப்பிட்டாய்?" என்றார். "நீங்க குடுத்ததுதான் சார். கூட நானே சமைச்சேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாளைக்கும் ஸ்டீரிங் என் கையில்தான். டிப்போ வாசலில் நின்று அந்தக் கையெழுத்தை நாலு தடவை படித்தேன்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறை தெரியும், வாசலும் தெரியும். வேவு பார்க்கத்தான் உட்கார்ந்தேன், மறைப்பானேன். நாலு மணிக்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் வந்தாள். அவள் பின்னாலேயே தெருநாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றது. கையில் இருந்த டாக்டர் கையெழுத்துக்கு அந்த நிமிஷம் எந்த மதிப்பும் இல்லை.

அவள் டப்பாவைத் திறந்தாள். தட்டில் போட்டாள். நாய் ஒரு படி ஏறியது. "போ, போ. இது உனுக்கு இல்ல" என்று கையை ஓங்கினாள். அது இறங்கி ஓடியது. அவள் தரையில் உட்கார்ந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், பிசைந்து தின்னத் தொடங்கினாள். கேண்டீனில் தின்னாமல் வந்திருக்கிறாள் போல, நல்ல பசி. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தின்பதை நான் பார்த்தே எத்தனை வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே போனேன். அவள் திடுக்கிடவில்லை. "இன்னா சொன்னாரு டாக்டரு?" என்றாள். தேதி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலண்டரில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

"ஓட்டலாம்னாரு."

தலையை ஆட்டினாள். மிச்சத்தை வழித்துத் தின்றாள். விரலால் தட்டைத் துடைத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பாத்துக்கோ. நாய்க்குக்கூட மிச்சம் வெக்காம துன்ட்டேன்."

அத்தனை காலத்தில் நாய் என்கிற சொல் எங்கள் நடுவில் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பதினோரு வருஷம் உன் சோத்த கொண்டுபோய் கொட்டினேனே" என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனவள், குழாயடியில் இருந்து திரும்பாமலே கேட்டாள்.

"அந்த நாய்ங்களுக்கு யாருக்குனா சக்கர வந்துச்சா? வல்ல இல்ல?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் சிரித்தாள், அது நிச்சயம். இந்தத் தடவை முகத்தைக் காட்டித்தான் சிரித்தாள். பிறகு, "முருங்கக்கா மட்டும் போடாத. பல்லு ஆடிகினு கீது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கேரியருக்குக் கீரையை எடுத்து வந்து என் முன்னால் போட்டு, தானும் எதிரில் உட்கார்ந்து ஆயத் தொடங்கினாள்.